இரண்டாவது குழாய்

எங்கள் லயத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் இப்போது இரண்டு குழாய்கள் இருக்கின்றன. முன்பு ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது குழாய் என் வாயிலிருந்து வந்தது.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த வேலையில் இருப்பவரை முதலியார் என்று அழைப்பது கோட்டு வழக்கம்; நீதிமன்றத்தை நாங்கள் கோடு என்போம். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தேன், ஹட்டனில் படித்தேன், கறுப்பு அங்கி வக்கீல்களுக்கும் கூண்டில் நின்றவர்களுக்கும் நடுவே நின்று பிழைத்தேன். ஓய்வுக்குப் பிறகு தோட்டத்துக்குக் கீழே, ரோட்டோரமாக ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தோட்டத்து ஆட்கள் இன்றும் என்னை முதலியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாதிப் பேர் மரியாதையாக, பாதிப் பேர் கேலியாக. யார் எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்கும் அறிவு எனக்கு எழுபது வயதில்தான் வந்தது.

தலவாக்கலையிலிருந்து நானுஓயா பக்கம் ஏறும் பெரிய ரோடு எங்கள் ஓடையைக் கடக்கும் இடத்தில், ரோட்டுக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய் புதைத்திருந்தார்கள். இதற்குப் புத்தகத் தமிழில் மதகு என்று பெயர். சிங்களத்தில் பொக்குவ. எங்கள் தோட்டத்தில் அந்தச் சிங்களச் சொல் வாயில் தேய்ந்து 'போக்கு' ஆகிவிட்டது. "போக்குக்கிட்ட எறங்கிக்கிறேன்" என்றால் பஸ் கண்டக்டருக்குப் புரியும். ஆனால் போக்கு என்பது தமிழ்ச் சொல்லும்தானே. போக்கிடம், போக்குவரத்து, போக்கற்றவன் என்கிறோம் அல்லவா, வழி என்று பொருள்படும் அந்தப் போக்கு. எங்கள் ஆட்கள் ஒரே வாயால் இரண்டையும் சொல்வார்கள். எதைச் சொல்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இதை மறந்துவிடாதீர்கள்.

அந்தக் குழாயின் கீழ்வாய் ஓடைத் தரையைத் தொடவில்லை. ஆள் இடுப்பு உயரத்தில் அந்தரத்தில் நிற்கும். தண்ணீர் அதிலிருந்து கொட்டிக் கொட்டி அடியில் ஒரு பள்ளம் தோண்டிவிட்டது. மழை பிடித்தால் கீழே கொத்மலை ஓயாப் பக்கமிருந்து கல்லொட்டி மீன்கள் மேலே ஏறி வரும். வாயால் கல்லைப் பிடித்துப் பிடித்து வழுக்குப் பாறையில்கூட ஏறிவிடும் மீன் அது. ஆனால் அந்தரத்தில் தொங்கும் சிமெண்டு வாயில் எதைப் பிடிப்பது? எல்லாம் வந்து அந்தப் பள்ளத்தில் தேங்கும்.

மீன் தேங்கிய இடத்தில் ஆட்களும் தேங்கினார்கள். டவுனிலிருந்து த்ரீவீலரில் வருவார்கள். ஒருவன் வலையைப் போடுவான், ஒருவன் அடுப்பு மூட்டுவான், மற்றவர்கள் போத்தலைத் திறப்பார்கள். சாராயத்துக்குத் தொட்டுக்கொள்ளும் பைட்ஸ் ஓடையிலேயே கிடைக்கும்போது கடைக்கு எதற்குப் போக வேண்டும்? லயத்துக்கு ஏறும் படிக்கட்டு அந்தப் பள்ளத்தை ஒட்டித்தான் போகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்பிள்ளைகளுக்கு வேறு வழி கிடையாது.

அப்படி இறங்குகிறவர்களில் ஒருத்தி என் மதினியின் பேத்தி. மதினி, காலமான என் அண்ணனின் மனைவி. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. பேத்தியின் அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள், அப்பா கொழும்பில் கடையில் நிற்கிறான். பிள்ளை உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கிறாள், தலவாக்கலையில் டியூசன். ஒரு சாயங்காலம் பள்ளத்திலிருந்து ஒருவன் ஏறி வந்து அவளுடைய புத்தகப் பையைப் பிடித்து இழுத்திருக்கிறான். "டொக்டர் நோனா, எங்களுக்கும் மருந்து குடுத்துட்டுப் போங்க" என்று மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அப்பாக்காரன் கொழும்பிலிருந்து போனில் முடிவைச் சொல்லிவிட்டான். இன்னொரு தடவை இப்படி நடந்தால் டியூசனும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். பள்ளத்தில் குடிக்கிறவனை ஒன்றும் செய்ய முடியாதபோது படிக்கிறவளை நிறுத்துவதுதான் நம் ஆண்களுக்குத் தெரிந்த ஒரே நடவடிக்கை.

பெருமழையில் அந்தக் குழாய் அடைத்து ரோடு உடைந்தபோது, இனியாவது அந்தக் குழாய் ஒழியும் என்று மதினிக்குச் சந்தோஷம். அதற்குப் பிறகுதான் திட்டக்காரர்கள் வந்தார்கள். வெளிநாட்டுப் பணம். ரோட்டடியில் இருக்கும் குழாய்களைப் பிடுங்கிவிட்டு, மீன் ஏறிப் போகத் தடையில்லாத பாலங்களாகக் கட்டப் போகிறார்களாம். எல்லா இடத்திலும் அல்ல, தேர்ந்தெடுத்த சில இடங்களில். எங்கள் ஓடை அந்தச் சில இடங்களில் ஒன்று என்று முதலிலேயே குறித்திருந்தார்கள். மக்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்பது பணம் கொடுத்தவர்களின் நிபந்தனை. கேட்பதற்காகத்தான் கூட்டம்.

உடைந்த ரோட்டோரத்தில் கூடாரம் போட்டார்கள். மூன்று மொழியில் பதாகை. தமிழில் 'மீன் நடைபாதைத் திட்டம்' என்று எழுதியிருந்தது. மீன் நடக்கும் நாட்டில் நான் வாழ்கிறேன் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தேன். "இவனுங்க தமிழைப் பாத்தீங்களா? ஒரு சொல்ல ஒழுங்கா மாத்தத் தெரியல" என்றேன். அந்தச் சிரிப்பின் ஈரம் காய்வதற்குள் நான் செய்யப் போகும் காரியம் எனக்குத் தெரியாது.

வாகனங்கள் எஞ்சினை நிறுத்தாமல் நின்றன. வாய் திறந்தால் ஆவி வரும் குளிரில் உள்ளே குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிய இஞ்சினியர் சின்ன வயசுக்காரர், சிங்களவர், மரியாதை தெரிந்தவர். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரவில்லை என்றும், நான் கோட்டில் முதலியாராக இருந்ததைக் கேள்விப்பட்டதாகவும் சொன்னார். "மாத்தயா, நீங்கள்தான் எங்களுக்கு வாய்" என்றார். மேடையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். லயத்து ஆட்கள் ரோட்டில் நின்றார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்தது.

இஞ்சினியர் எளிமையாகத்தான் பேசினார். மீன் முட்டையிட மேலே போக வேண்டும், குழாய் மறிக்கிறது, பாலம் போட்டால் ஓடை ஓடையாகவே இருக்கும் என்றார். நான் அதை எடுத்து, நீர்வாழ் உயிரினங்களின் பருவகால இடப்பெயர்வுக்கு ஏற்படும் இடையூறுகளைக் களையும் நோக்கில் என்று ஆரம்பித்தேன். மதினி முன்வரிசையில் நின்றார். அவர் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டது எனக்கே கேட்டது.

"என்னாடி சொல்றாரு முதலியாரு?"

"மீனு மேல போவ முடியலயாம்."

"இதுக்கா இம்புட்டு இழுக்கிறாரு?"

கூட்டம் சிரித்தது. எனக்கு முகம் சுருங்கியது. அடுத்ததாக இஞ்சினியர், உங்களுக்கு என்ன வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டபோது முதலில் முன்னால் வந்தவரும் மதினிதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேசினார்.

"ஐயா, மீனுக்கும் போக்கு இல்ல, எங்க பொம்பளப் புள்ளைங்களுக்கும் போக்கு இல்ல. மழ வந்தா மீனு குழாயில முட்டிக்கிட்டு கீழயே கெடக்கு. மீனு கெடக்குன்னு குடிகாரனுங்க வந்து கெடக்கிறானுங்க. புள்ளைங்க எப்படிங்க அந்தப் பக்கமா வரும்? மீனு மேல போயிருச்சுன்னா அவனுங்களுக்கு அங்க என்னா வேல? அதுனால ஒரு போக்கு பண்ணிக் குடுங்க. மீனுக்குப் பண்ணாப் போதும், அதுலயே நாங்களும் வந்துருவோம்."

இதைவிடத் தெளிவாக அந்தத் திட்டத்தை அதன் முதலாளிகளே சொன்னதில்லை. இஞ்சினியர் என் பக்கம் திரும்பினார். கோட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு: சுருக்கிச் சொல்வதில் கெட்டிக்காரன். கூண்டில் நின்று அழுது அழுது பேசியவர்களின் பேச்சை ஒற்றை வரியில் முடித்துக் கொடுத்து, நீதவான்களின் மதியச் சாப்பாட்டைக் காப்பாற்றியிருக்கிறேன். அந்தப் பழக்கம், சற்று முன் பட்ட கேலி, மேடை நாற்காலி, எல்லாம் சேர்ந்து என் வாயில் நின்றன.

"பொக்குவக் ஓனலு" என்றேன். மதகு ஒன்று வேண்டுமாம்.

இஞ்சினியர் விழித்தார். பிறகு சிரித்தார். "இந்த அம்மா நிற்பதே பொக்குவ மேல்தானே! அதை எடுக்கத்தான் நாங்கள் வந்திருக்கிறோம். அதையே கேட்கிறாரே!" என்றார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் என் தப்பு எனக்கு விளங்கியது. உடனே விளங்கியது. யோசிக்க நேரம் வேண்டியிருக்கவில்லை. மன்னிக்கவும், அவர் கேட்டது வழி, மதகு அல்ல என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். சொன்னால், முதலியாருக்கே சிங்களம் தடுமாறிவிட்டது என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெரிந்துபோகும்.

நானும் சிரித்தேன்.

மதினி என்னைப் பார்த்தார். சபையில் பேசி முடித்தவர், தன் பேச்சுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், தெரிந்தவனான என் முகத்தில் விடை தேடினார். என் முகமும் சிரித்துக்கொண்டிருந்தது. முந்தானையை அவிழ்த்து விட்டுக்கொண்டு கூட்டத்தின் பின்வரிசைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் லயத்திலிருந்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் கோழி வைத்த பார்சல். நான் அதைச் சாப்பிட்டேன்.

அதோடு போகும் என்று நினைத்தேன். கேட்பது ஒரு சடங்குதான், பாலம் எப்படியும் வரும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அரசாங்க அலுவலகங்களோடு காலம் தள்ளியவன் இப்படி நினைத்தது வெறும் நடிப்பு. செலவைக் குறைக்க ஒரு சாக்குக் கிடைத்தால் அதை விடுகிற அலுவலகத்தை நான் பார்த்ததே இல்லை.

தலவாக்கலையில் சிமெண்டு, இரும்புக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர் ஒருவர்தான் செய்தியைச் சொன்னார்.

"என்ன முதலியார், உங்கட பக்கத்துக்குப் பாலம் வருதுன்னு பெரிசாச் சொன்னீங்க? பெரிய ஹியூம் பைப் ரெண்டுதானே வருது."

"ரெண்டா?"

"ஆமா. ஆளுங்க பொக்குவதான் வேணும்னு கேட்டாங்களாமே. மீனுக்கு ஒண்ணு, ஆளுங்களுக்கு ஒண்ணுன்னு பொடியன்மார் பகிடி பண்றாங்க. பாலம் மேல ஹோட்டல் பக்கம் போயிட்டுதாம். உங்கட ஆளுங்களுக்கு என்ன, மூளை கீளை..." என்று சொல்லி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த ஹோட்டல் பாலத்தை, அது கட்டி முடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். அழகான பாலம். பக்கத்தில் படம் எடுக்க ஒரு மேடைகூட இருக்கிறது. பாலத்துக்கு மேலே, கூப்பிடு தூரத்தில், ஹோட்டல்காரர்கள் தங்கள் அலங்காரக் குளத்துக்காக அங்கே ஓடும் வேறோர் ஓடையின் குறுக்கே சுவர் கட்டியிருக்கிறார்கள். பாலத்தைத் தாண்டும் மீன் அந்தச் சுவரில் போய் முட்ட வேண்டியதுதான். ஆனால் மீனே வருவதில்லை, தண்ணீர் இருந்தால்தானே வரும்.

நண்பர் செய்தி சொன்ன கையோடு இஞ்சினியரின் அலுவலகத்துக்குப் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை.

"மாத்தயா, அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை."

"இப்போது?"

"இப்போது குழாய் லொறியில் வந்து இறங்கிவிட்டது. அடுத்த கட்டம் வந்தால் பார்க்கலாம்." பிறகு கேட்டார்: "அன்றைக்கு நானும் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டேனே, அவர் என்ன நினைத்திருப்பார்?"

அவர் தெரியாமல் சிரித்தவர். அவருக்கு வந்த வெட்கம் எனக்கு அத்தனை நாளும் வரவில்லை.

அங்கிருந்து நேராக மதினியிடம் போனேன். லயத்து வாசலில் உட்கார்ந்து லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது தேவைக்கு மட்டும்தான். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"மதினி, அன்னைக்குக் கூட்டத்துல நீங்க கேட்டது ஒண்ணு, நான் சொன்னது ஒண்ணு."

"தெரியும்."

"தெரியுமா? யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீங்க சிரிச்சீங்கள்ல. சிரிப்பு வர்ற மாதிரி நான் ஒண்ணுமே கேக்கல. அப்ப நீங்க வேற என்னமோ சொல்லிப்புட்டீங்கன்னு அங்கயே தெரிஞ்சு போச்சு."

"ஏன் அப்பவே கேக்கல?"

"படிச்ச மனுசன், தானா வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். பைப்பு வந்துருச்சு. நீங்க இப்பதான் வர்றீங்க." கத்தியை நிறுத்தாமல் பேசினார். "புள்ளைக்கு டியூசன நிறுத்தச் சொல்லி அவ அப்பன் நேத்தும் போன் பண்ணிட்டான். நான் என்னா பதில் சொல்றது? ஒன் சித்தப்பா ரெண்டு பைப்பு வாங்கிக் குடுத்திருக்காரு, அதுக்குள்ள பூந்து வரச் சொல்லுன்னு சொல்லவா?"

மன்னிச்சிருங்க மதினி என்றேன்.

"எங்கிட்டச் சொல்லி என்னா? நான் ஒருத்தியா இருக்கிறப்பவா சிரிச்சீங்க? எல்லாரும் இருக்கிறப்பச் சொல்லுங்க."

குழாய்க்கும் திறப்பு விழா வைக்கிற நாடு இது. ரிப்பன், குத்துவிளக்கு, தட்டில் பாற்சோறு. அரசியல்வாதி ஒருவர் வந்தார். மக்கள் கேட்டதை மக்களுக்குக் கொடுத்திருக்கிறோம் என்று சிங்களத்தில் பேசிவிட்டு, மொழிபெயர்க்கச் சொல்லி ஒலிவாங்கியை என்னிடம் தந்தார். நான் அதைத் தமிழில் சொன்னேன். பிறகு, மக்கள் இதைக் கேட்கவில்லை என்றும் தமிழில் சொன்னேன். பிறகு சிங்களத்துக்கு மாறினேன். "மாளுன்ட யன்ன பாரக் நே" என்றேன். மீனுக்குப் போக வழியில்லை. எங்கள் பெண்பிள்ளைகளுக்கும் வழியில்லை. என் மதினி கேட்டது இதுதான். நான் பொக்குவ என்று மாற்றிச் சொன்னேன், தப்பென்று தெரிந்த பிறகும் திருத்தாமல் சிரித்தேன். இரண்டு மொழியிலும் சொன்னேன்.

அரசியல்வாதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒலிபெருக்கிக்காரன் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஒலியைக் குறைத்தான். இஞ்சினியர் மட்டும் கூட்டத்துக்குள் மதினியைத் தேடிப் பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டார். லயத்துப் பையன்களில் ஒருவன் பின்னாலிருந்து கத்தினான்.

"அப்ப ரெண்டாவது பைப்பு யாருக்கு முதலியாரே?"

"அவருக்குத்தான்டா. ராத்திரி போய்ப் படுக்கிறதுக்கு!" என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மதினி சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். என்னை மன்னித்துவிட்டார் போலும் என்று நான் நினைத்தது என் பழைய புத்தி.

"சொல்லிட்டீங்க. சரி. அதுனால பைப்பு பாலமா ஆயிருமா?"

"இல்ல."

"குடிகாரனுங்க போயிருவானுங்களா?"

"இல்ல."

"அப்ப நீங்க போயி ஒக்காருங்க. ஒங்க வீட்டு நாக்காலிய எடுத்துக்கிட்டுப் போயி, புள்ளைங்க பஸ்ஸ விட்டு எறங்கிப் படியேறி முடிக்கிற வரைக்கும் பள்ளத்துப் பக்கத்துல ஒக்காருங்க. வாயால கெடுத்தீங்கள்ல, வாய மூடிக்கிட்டு ஒக்காருங்க."

கிழவன் ஒருவன் உட்கார்ந்தால் குடிகாரர்கள் பயப்படுவார்களா என்று கேட்டேன்.

"ஒங்களுக்குப் பயப்பட மாட்டானுங்க கொழுந்தனாரே. கோட்டுக்குப் பயப்படுவானுங்க."

அன்று மாலையே பிளாஸ்டிக் நாற்காலியும் குடையுமாகப் போய் உட்கார்ந்தேன். டவுன் ஆட்களில் இரண்டு பேர் கோட்டில் என் முன்னால் நின்றவர்கள். "முதலியார், யாருக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கீங்க?" என்று ஒருவன் கேட்டான். மதினி சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன். பேசாத என்னை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பொலிசுக்கு ஆள் காட்டிக் கொடுக்க வந்திருக்கிறான் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சில நாள் முறைத்தார்கள், நாற்காலியின் ஒரு காலை ஒடித்துப் போட்டார்கள். நான் அடியில் ஒரு கல்லை வைத்து உட்கார்ந்தேன். பிறகு அவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஓடைக் குழாய்க்குப் போய்விட்டார்கள். திருந்தவில்லை, இடம் மாறினார்கள், அவ்வளவுதான். அங்கேயும் படிக்கட்டு இருக்கிறது. அங்கேயும் பிள்ளைகள் இறங்குகிறார்கள். அங்கே எந்தக் கிழவனை உட்கார வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

டியூசன் நிற்கவில்லை. கொழும்புக்காரன் அரைமனதோடு சம்மதித்திருக்கிறான், நான் உட்காரும் வரைக்கும்.

மீனுக்கு என்னால் ஒன்றும் ஆகவில்லை. புதுக் குழாய்கள் பழையதைவிட உயரம், பழையதைவிட வழுக்கல். மழை பிடித்ததும் கல்லொட்டிகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றாகத் தாவி, சிமெண்டு வாயில் மோதி, பள்ளத்தில் விழுகின்றன. சில முதல் குழாயை விட்டு இரண்டாவது குழாய்க்கும் போய்த் தாவிப் பார்க்கின்றன. முதல் சில நாள் அந்தப் பக்கம் திரும்பாமல்தான் உட்கார்ந்திருந்தேன். இப்போது பார்க்கிறேன்.

நேற்றும் மழை. பஸ் நின்றது. பிள்ளைகள் குடைகளை விரித்துக்கொண்டு இறங்கினார்கள். மதினியின் பேத்தி வழக்கம்போலப் படியில் ஒரு நிமிடம் நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்தாள்.

"சின்னத் தாத்தா, இன்னைக்கு ஏதாச்சும் ஏறுச்சா?"

"இல்லம்மா."

"நாளைக்குக் கெமிஸ்ட்ரி கிளாஸ். லேட்டாகும். இருப்பீங்கள்ல?"

"இருப்பேன்."

அவள் மேலே ஏறினாள். அவள் குடை லயத்து வாசலுக்குள் போய் மறையும் வரை பார்த்துவிட்டு, நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்த கல் சரிந்திருந்ததைச் சரிசெய்துகொண்டேன்.